யுத்தத்தில் தொலைந்த ரங்கூன் யூதக் கூட்டாளியைத் தேடுவது எப்படி?

பெயரை முதலில் கேட்காதீர்கள். "உங்க கூட்டாளி பேரு என்ன?" என்று ஆரம்பித்தால் ஒரு செல்லப்பெயர் வரும், அதோடு பேச்சு நின்றுவிடும். ஒன்பது வயதுப் பிள்ளைகள் முழுப்பெயர் சொல்லியா விளையாடுவார்கள்? பெயர் மறந்துபோச்சே என்கிற வெட்கமும் சேர்ந்துகொண்டால் அன்றைக்குப் பெரியவர் வாயைத் திறக்க மாட்டார். "அந்த வீட்டில் என்ன பாடுவாங்க?" என்று கேளுங்கள். எந்தக் கிழமை, பகலா ராத்திரியா, உட்கார்ந்தா நின்றா, கையில் வாத்தியம் இருந்ததா என்று கேளுங்கள். பாட்டும் கிழமையும் கிடைத்துவிட்டால் பெயரைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனில் பிறந்தவர்கள் உள்ள தமிழ் வீடுகளில் "மாடியில ஒரு யூதக்காரக் குடும்பம் இருந்துச்சு" என்ற பேச்சு இன்னும் கேட்கிறது. 1964க்குப் பிறகு கப்பலேறி வந்து சென்னையிலும் திருச்சியிலும் பர்மா காலனிகளில் தங்கிவிட்டவர்களின் வீட்டிலும் இது உண்டு. அப்படி ஒரு கூட்டாளியைத் தேட நினைப்பவர்களுக்கு, நான் தேடிய வழியை எழுதுகிறேன். நான் ரங்கூனில் ஹார்மோனியம் பழுது பார்க்கிறவன், கோயில் பஜனையில் வாசிக்கிறவன். ஆராய்ச்சியாளன் இல்லை. தேடியது என் அத்தைக்காக. அவர் 1932இல் பிறந்து 26ஆம் தெருவில் வளர்ந்தவர். அவருடைய கூட்டாளியின் குடும்பத்தார் இன்றும் இருக்கிறார்கள், அதனால் அவர்கள் பெயர் இதில் வராது. நீங்களும் ஃபேஸ்புக்கில் பெயரையும் படத்தையும் போட்டு "இவரைத் தெரியுமா" என்று கேட்கிற வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேடப்படுகிறவர்களுக்கும் மானம் மரியாதை இருக்கிறது.

தேடுவதற்கு முன்னால் அவர்கள் யார் என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ரங்கூன் யூதர்களில் பெரும்பாலோர் பாக்தாத்திலிருந்து வந்தவர்கள், அதிலும் பலர் கல்கத்தா வழியாக. கொச்சியிலிருந்தும் பம்பாய்ப் பக்கத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். யுத்தத்துக்கு முன் ஏறக்குறைய இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு பேர். 1931 குடிக்கணக்கில் ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழர்கள் 1871இல் கட்டிய ஸ்ரீ காளியம்மன் கோயிலிலிருந்து 26ஆம் தெரு யூத ஜெப ஆலயத்துக்கு நடந்தால் சில நிமிஷம்தான். இடையில் முஸ்லிம் கடைகள், சீனர் கடைகள். பிள்ளைகள் சேர்ந்து விளையாடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஐரோப்பிய யூதர்களைப் பற்றிப் படித்தவர்கள் உடனே ஜெருசலேமின் யாத் வாஷெம் பட்டியலைத் திறப்பார்கள். அது நாஜிகளால் கொல்லப்பட்டவர்களுக்கான பட்டியல். நாம் தேடுகிறவர்கள் ஓடியது ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து. அங்கே நேரத்தைப் போக்க வேண்டாம்.

கிழமைக் கணக்கு

யூதர்களுக்கு நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்குகிறது. வெள்ளி அந்தியிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை சபாத் என்கிற ஓய்வு நாள். அன்று நெருப்பு மூட்டமாட்டார்கள், அணைக்கவும் மாட்டார்கள். காசைத் தொடமாட்டார்கள், வாத்தியம் வாசிக்கமாட்டார்கள். இந்த நாலு விதியை மனசில் வைத்துக்கொண்டு பெரியவர் சொல்வதைக் கேட்டால், அவர் எந்த நாளைச் சொல்கிறார் என்பது தானாகத் தெரியும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கையால் மேசையைத் தட்டி, வாத்தியமே இல்லாமல் பாடினார்கள் என்றால் பெரும்பாலும் வெள்ளி ராத்திரி. பின்னிய மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, வாசனைப் பொருளை ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்தார்கள் என்றால் சனி ராத்திரி, ஓய்வு நாளை வழியனுப்பும் சடங்கு. பியானோவோ, ஊத் என்கிற அரபு நரம்பு வாத்தியமோ இருந்தது என்றால் கல்யாணமோ வேறு விசேஷமோ.

என் அத்தை சொன்னது இது: "அவங்க வீட்லயும் வெள்ளிக்கெழம வெளக்கு உண்டுடா. நம்ம வீட்ல வெளக்கு ஏத்தி முடிச்சதும் நான் மேல ஓடிருவேன். அவங்க அம்மா லைட்டப் பாத்துட்டு சும்மா என்னையப் பாப்பாங்க. நான் போய் சுவிட்ச அமத்திருவேன்." கூலி என்ன கொடுப்பார்கள் என்று கேட்டேன். காசு கிடையாதாம். பேரீச்சம்பழம் உள்ளே வைத்த ரொட்டி ஒன்று. காசு கொடுக்காததை அந்தக் காலத்தில் கஞ்சத்தனம் என்று அத்தையின் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று அவர்கள் காசைத் தொடக்கூடாது என்பது எண்பது வருஷம் கழித்து நான் சொல்லித்தான் அத்தைக்குத் தெரியும். இதில் பார்க்க வேண்டியது ஒன்று: அந்தக் குடும்பம் சபாத்தைக் கறாராகக் கடைப்பிடித்த குடும்பம். அப்படியானால் அவர்கள் ஜெப ஆலயத்துக்கும் பக்கத்தில், நடந்து போகும் தூரத்தில்தான் குடியிருந்திருப்பார்கள். வீட்டைத் தேடும் வட்டம் சுருங்கிவிட்டது.

பண்டிகைகளையும் விடாதீர்கள். யூத மாதங்கள் நம் தமிழ் மாதங்களைப் போலச் சூரியனைப் பார்த்து வருபவை அல்ல, சந்திரனைப் பார்த்து வருபவை, ஆங்கிலத் தேதியோடு ஒட்டாது. ஆனால் தேதி மாற்றித் தரும் கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. "தெனம் ஒரு வெளக்கு கூட்டிக் கூட்டி வரிசையா ஏத்துனாங்க, அது முடிஞ்ச மறுநாளு குண்டு போட்டான்" என்று அத்தை சொன்னபோது, வயசானவர் கதை கட்டுகிறார் என்றுதான் பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எட்டு நாள் விளக்கு ஏற்றும் ஹனுக்கா 1941இல் டிசம்பர் 22ஆம் தேதி முடிந்தது. ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை. யாருடைய ஞாபகமாவது இதைவிடத் துல்லியமாக இருக்குமா? கூடவே ஒரு தடயமும் கிடைத்தது: அந்தக் குடும்பம் குண்டு விழும் நாள் வரை ஊரில்தான் இருந்திருக்கிறது. அதற்கு முந்தைய கப்பல்களில் அவர்களைத் தேட வேண்டியதில்லை.

பாட்டைப் பிடிப்பது

இதுதான் பெரிய வேலை, பொறுமையாகச் செய்யுங்கள்.

காலையில், பெரியவர் டீ குடித்துத் தெம்பாக இருக்கும் நேரத்தில் உட்காருங்கள். பேரப்பிள்ளைகள் கூட்டம் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், மடித்த துண்டின் மேல் ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். ரங்கூனில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது என்பதால் சார்ஜ் முன்னாலேயே ஏற்றி வையுங்கள். "பாடுங்க" என்று கேட்டால் "தொண்டை போச்சு" என்பார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது: நீங்கள் தப்பாகப் பாடுங்கள். அவர் முன்பு முனகியதில் ஒரு அடியை எடுத்து, வேண்டுமென்றே கோணலாகப் பாடிக் காட்டுங்கள். எந்தப் பாட்டியும் அதைப் பொறுக்க மாட்டார்.

ஹார்மோனியத்தைத் தொடாதீர்கள். என் வயிற்றுப் பிழைப்பே அதுதான், ஆனாலும் சொல்கிறேன். பாக்தாத் யூதர்களின் பாட்டு மகாம் என்கிற அரபு இசை முறையில் வந்தது. 1932இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டுக்கு ஈராக்கிலிருந்து போன குழுவில் வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் யூதர்கள்தான், அந்த அளவுக்கு அது அவர்கள் கையில் இருந்த கலை. அந்த முறையில் பயாத் மாதிரியான மகாம்களில் ரிஷபம் நம் சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் நிற்கும். ஹார்மோனியத்தில் அந்த இடத்தில் கட்டையே இல்லை. நீங்கள் வாசித்துக் காட்டினால் பெரியவர் உங்கள் கட்டைக்கு வந்துவிடுவார். ஞாபகத்தில் இருந்த உண்மையான சுரம் அன்றோடு போய்விடும். தம்புரா செயலி ஒன்றை மெல்லியதாக வைத்தால் போதும், அதுவும் அவர் தொடங்கிய பிறகு, அவர் சுருதிக்கு. என் அத்தை நாலு கட்டையில் நின்றார்.

சொற்களைத் திருத்தாதீர்கள். அத்தை பாடியது இப்படித்தான்: "யாரு போனா ஆளாம்." வீட்டில் எல்லோரும் அது ஏதோ தமிழ்க் கும்மிப் பாட்டு என்றே நினைத்திருந்தார்கள். காதில் விழுந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் தமிழில் எழுதி, அதை வாய்விட்டு வேகமாகப் படித்தேன். பிறகு வெள்ளி ராத்திரி மேசைப் பாட்டுகளின் முதல் அடிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தபோது வந்து நின்றது "யா ரிபோன் ஆலம்". அராமிக் மொழியில் இஸ்ரேல் நஜாரா என்ற கவிஞர் எழுதியது, 16ஆம் நூற்றாண்டுக்காரர். உலகம் முழுக்க யூதர்கள் வெள்ளி ராத்திரி பாடுகிற பாட்டு.

உலகம் முழுக்கப் பாடுகிறார்கள் என்றால் அதை வைத்து யாரைக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். சொல் எல்லோருக்கும் பொது, மெட்டு ஊருக்கு ஊர் வேறு. போலந்துக்காரர் மெட்டும் ஏமன்காரர் மெட்டும் ஒன்றல்ல. அதனால் இனி மெட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுரப்படுத்தும்போது நம் ராகப் பெயர்களை ஒரு கைப்பிடியாகப் பயன்படுத்தலாம். மகாம் அஜம் என்றால் சுரக் கணக்கில் நம் சங்கராபரணம். நஹாவந்த் நடபைரவியை ஒட்டியது, சில நேரம் கீரவாணி. குர்த் தோடியின் சுரங்கள். ஹிஜாஸ் வகுளாபரணம். கணக்கு மட்டும்தான் ஒன்று, கமகமும் நிறுத்தும் இடமும் வேறு. அத்தையின் பாட்டில் ஸ, சுத்த ரி, அந்தர க, சுத்த ம என்று ஏறியதும் பஜனைக்காரர்கள் எல்லோரும் "மாயாமாளவகௌளை" என்றார்கள். சரளி வரிசை படித்த காதுக்கு அப்படித்தான் படும். இறங்கும்போது நிஷாதத்தைக் கவனியுங்கள் என்றேன். அது கைசிகி. ஆக வகுளாபரணம், அவர்கள் கணக்கில் ஹிஜாஸ். ஆனால் ஹிஜாஸை ஐரோப்பிய யூதர்களும் ஏராளமாகப் பாடுகிறார்கள், எனவே ராகத்தோடு நிறுத்திக்கொண்டால் தவறான ஊருக்குப் போய்ச் சேருவீர்கள். பல்லவி திரும்பும் இடம்தான் அடையாளம்: எந்தச் சுரத்தில் மூச்சு விடுகிறார்கள், திரும்பும்போது மேலே போகிறார்களா கீழே வருகிறார்களா. அந்த ஒரு அடியை மட்டும் இருபது விநாடிக்குத் தனியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடக் கேட்க, ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தின் ஒலிக் காப்பகம் முதல் இடம். பியூத் என்கிற பக்திப் பாடல்களை ஊர் மரபு வாரியாகப் பிரித்து அவர்கள் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். "பாக்தாத்", "பாபிலோன்" என்று தேடுங்கள், ஈராக் யூதர்கள் தங்களைப் பாபிலோனியர் என்றும் சொல்லிக்கொள்வார்கள். 2014இல் இங்கே சிம் கார்டு விலை பர்மியப் பணத்தில் 1,500 சாட்டுக்கு இறங்கிய பிறகுதான் இதெல்லாம் என் கடைக்குள்ளிருந்தே செய்ய முடிந்தது. அதற்கு முன்னால் யாராவது வெளிநாட்டிலிருந்து கேசட் கொண்டுவந்தால் உண்டு.

தெருவும் ஜெப ஆலயமும்

பழைய காகிதங்களில் பழைய தெருப்பெயர்கள் இருக்கும். மொகல் தெரு இன்றைய ஷ்வே போந்தா, டல்ஹௌசி தெரு மகாபந்துலா சாலை, ஃப்ரேசர் தெரு அனவ்ரதா சாலை, ஃபேர் தெரு பான்சொடான், ஸ்பார்க்ஸ் தெரு போ ஆங் ஜோ. யூதா எசக்கியேல் தெரு என்று இருந்தால் அது தெயின்பியூ சாலை. எண் போட்ட தெருக்கள் மட்டும் மாறவில்லை.

ஜெப ஆலயம் 26ஆம் தெரு 85ஆம் எண்ணில், பெயிண்ட் கடைகளுக்கு நடுவில் இருக்கிறது. பெயர் முஸ்மெயா யேஷுவா. 1854இல் மரத்தில் கட்டியது, இப்போதுள்ள கட்டடம் 1893 முதல் 1896 வரை கட்டியது. சாமுவேல்ஸ் குடும்பத்தார் தலைமுறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மோசஸ் சாமுவேல்ஸ் 2015இல் காலமானார், அவருக்குப் பிறகு மகன் சாமி. சனிக்கிழமையும் பண்டிகை நாளிலும் விசாரணைக்குப் போகாதீர்கள். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். உண்டியலில் ஏதாவது போடுங்கள்.

உள்ளே போனால் பெரியவரையும் கூட்டிப்போங்கள், படி ஏற முடிந்தால் மாடிக்கும். பெண்கள் உட்காருவது மாடியில். அத்தை கீழே நின்று ஒன்றும் சொல்லவில்லை, மாடியிலிருந்து நடுமேடையைப் பார்த்ததும்தான் பேச ஆரம்பித்தார். "அந்த வெள்ளி டப்பாவ நிமித்தி வெச்சித் தொறந்து படிப்பாங்க" என்றார். இது பாக்தாத் வழக்கம்: தோரா என்கிற வேதச் சுருளை உருண்டையான கெட்டிப் பேழையில் வைத்து, நிமிர்த்தி நிறுத்தியே படிப்பார்கள். ஐரோப்பிய யூதர்கள் துணி உறை போட்டு, படுக்க வைத்துப் படிப்பார்கள். பெரியவர் எதைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். மெட்டு சொன்னதை இது உறுதி செய்யும்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "யுத்தத்துக்கு அப்புறம் பாத்தீங்களா?" பார்க்கவில்லை என்றால் 1942 ஓட்டத்தில் தேட வேண்டும். பார்த்தேன் என்றால் திரும்பி வந்த சில நூறு பேரில் அவர்களும் உண்டு. அவர்களில் அநேகர் 1948க்கும், அரசாங்கம் கடைகளைத் தேசியமயமாக்கிய 1964க்கும் இடையில் இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். அத்தையின் வீட்டார் குண்டு விழுந்ததும் தொங்குவாப் பக்கத்துச் சொந்தக்காரர் வயலுக்குப் போய்விட்டார்கள். 1945இல் திரும்பியபோது மாடியில் வேறு குடும்பம். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

கல்லறையில் பாட்டியைத் தேடுங்கள்

கூட்டாளியைக் கல்லறையில் தேடச் சொல்லவில்லை. அவருடைய பாட்டியை, தாத்தாவைத் தேடச் சொல்கிறேன். பாக்தாத் யூதர்கள் உயிரோடிருக்கும் தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பார்கள், நம்மைப் போலவே. ஐரோப்பிய யூதர்கள் செத்தவர் பெயரைத்தான் வைப்பார்கள். "பாட்டியக் கூப்பிட்டா ரெண்டு பேரும் வருவாங்க" என்று அத்தை சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் பல மாதம் கழித்துத்தான் ஏறியது. அந்தப் பாட்டி யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறந்தாராம். ஊர்வலம் போனதையும் அத்தை பார்த்திருக்கிறார்.

யூதர் கல்லறை 91ஆம் தெருவில் இருக்கிறது, அறுநூறுக்கு மேல் கல் உண்டு. மழைக்காலத்தில் போகாதீர்கள், பாசியும் புல்லும் மூடியிருக்கும், பாம்பும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் காலை எட்டு மணிக்குப் போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்து எழும்பித் தெரியும். வெயில் நேராக வந்துவிட்டால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பக்கவாட்டில் ஒளியைத் திருப்புங்கள். தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, சோப்பு, ஆசிட் எதுவும் வேண்டாம். எழுத்தில் சாக்பீஸ் தேய்ப்பதும் கூடாது, கல் கெட்டுப்போகும். படம் எடுக்கும்போது பக்கத்துக் கல்லும் தெரிய ஒன்று எடுங்கள், குடும்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும்.

சில கல்லில் ஆங்கிலமும் இருக்கும். எபிரேயம் மட்டும் உள்ள கல்லைக் கண்டு பயப்படாதீர்கள், வருஷத்தைப் படிக்க மூன்று எழுத்து தெரிந்தால் போதும். வலமிருந்து இடமாகப் படியுங்கள். தாவ் என்ற எழுத்து மேலே மூடிய வாசல் சட்டம், இடது காலில் சின்னப் பாதம் இருக்கும். மதிப்பு 400. ரேஷ் நம் "ட"வைத் தலைகீழாகச் சுழற்றினால் வருவது, 200. ஷின் மேல்நோக்கி மூன்று கிளை, 300. ஆயிரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தாவ், ரேஷ் என்று வருஷம் தொடங்கினால் 1939 செப்டம்பருக்கு முந்திய சாவு. தாவ், ஷின் என்று தொடங்கினால் அதற்குப் பிந்தியது. மீதி எழுத்துகளின் மதிப்பை ஒரு அட்டவணையில் பார்த்துக் கூட்டி, வந்த மூன்றிலக்க எண்ணோடு 1240ஐக் கூட்டுங்கள். 698 என்றால் 1938. யூத வருஷம் செப்டம்பர் வாக்கில் பிறப்பதால் முந்திய ஆண்டின் கடைசி மாதங்களாகவும் இருக்கலாம்.

பெயருக்குப் பிறகு "பென்" என்றால் மகன், "பத்" என்றால் மகள், அடுத்து வருவது தகப்பன் பெயர். கல்லில் இருக்கும் எபிரேயப் பெயரும் தெருவில் கூப்பிட்ட பெயரும் வேறாக இருக்கும். கல்லில் மஸல் டோவ் என்று இருப்பவர் ஊருக்கு மோசெல். அத்தை சொன்ன செல்லப்பெயரை வைத்துக்கொண்டு இங்கே எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. காலமும் பெண் என்பதும் பேத்திக்கு அதே பெயர் என்பதும் சேர்ந்துதான் இரண்டு மூன்று கல்லாகக் குறைந்தன. அதில் ஒன்றில் ஆங்கிலத்தில் குடும்பப் பெயர் வெட்டியிருந்தது. அத்தையிடம் நான்கைந்து வேறு பெயர்களோடு கலந்து சொன்னேன். இது முக்கியம், ஒரே பெயரை நீட்டினால் ஆசையில் ஆமாம் என்பார்கள். அந்தப் பெயர் வந்ததும், "வாசல்ல பித்தள பலகைல எழுதியிருக்கும்" என்றார்.

வெளியேறும்போது கல்லறை வழக்கப்படி கல்லின் மேல் ஒரு சின்னக் கூழாங்கல் வைத்துவிட்டு வாருங்கள். பூ வேண்டாம்.

கல்கத்தா வழி

1942 மார்ச் 8ஆம் தேதி ஜப்பானியர் ரங்கூனுக்குள் வந்தார்கள். அதற்கு முன்னும் பின்னுமாக ஐந்து லட்சம் இந்தியர் வரை பர்மாவை விட்டு ஓடினார்கள். சிலர் கப்பலில் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும், பெரும் கூட்டம் தவுங்குப் கணவாய் வழியாக அராகானுக்கும், தாமு வழியாக மணிப்பூருக்கும் நடையாக. வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். யூதர்களில் பலர் போய்ச் சேர்ந்தது கல்கத்தா. அங்கே அவர்கள் சொந்தக்காரர் இருந்தார்கள், பெத் எல், மாகென் டேவிட் ஜெப ஆலயங்கள் இருந்தன, 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி இருந்தது. பத்து வயதுப் பெண் ஒருத்தி கல்கத்தாவுக்குப் போனால் எந்தப் பள்ளியில் சேர்ந்திருப்பாள் என்பதற்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். "ரீகாலிங் ஜூயிஷ் கல்கட்டா" என்ற இணையக் காப்பகத்தில் பழைய படங்களும் குடும்பக் கதைகளும் இருக்கின்றன. அகதிகள் பற்றிய அரசாங்கக் கோப்புகளுக்கு இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் "அபிலேக் படல்" தளத்தைப் பாருங்கள். கல்கத்தாவிலிருந்து அடுத்த தலைமுறை லண்டன், சிட்னி, இஸ்ரேல், அமெரிக்கா என்று சிதறியது.

குடும்பப் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். அரபுப் பெயர் ஆங்கிலேயக் குமாஸ்தா கையில் ஒரு மாதிரி, கல்கத்தாவில் ஒரு மாதிரி, லண்டனில் வேறு மாதிரி.

முதல் கடிதம்

ஆள் அகப்பட்டதும் போன் போடாதீர்கள். பர்மாவிலிருந்து வரும் தெரியாத எண்ணை இந்தக் காலத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் பணம் கேட்கப் போகிறான் என்றே நினைப்பார்கள். சின்னதாக ஒரு கடிதம் எழுதுங்கள், அதில் எந்த உதவியும் கேட்காதீர்கள். நான் எழுதியதன் சாரம் இது:

"நான் ரங்கூனில் வசிக்கும் தமிழன். என் அத்தை 1941 வரை 26ஆம் தெருவில் உங்கள் குடும்பத்துக்குக் கீழ்வீட்டில் இருந்தவர். உங்கள் வீட்டில் வெள்ளி ராத்திரி பாடிய ஒரு பாட்டை அவர் இன்னும் பாடுகிறார். இருபது விநாடி இணைத்திருக்கிறேன். இது உங்கள் வீட்டு மெட்டா என்று மட்டும் சொன்னால் போதும். நாங்கள் தவறான வீட்டுக்கு எழுதியிருந்தால் மன்னிக்கவும்."

வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள், ஞாயிறு காலை அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். அந்த ஊரையே மறக்க நினைத்து ஓடியவர்கள் உண்டு. அவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க நமக்கு என்ன உரிமை?

எனக்குப் பதில் எழுதியது கூட்டாளியின் தங்கை மகள். பெரியம்மா சில வருஷம் முன்னால் லண்டனில் இறந்துவிட்டார், அம்மா இருக்கிறார், பாட்டைக் கேட்டுவிட்டு இரண்டாவது முறை போடச் சொன்னார் என்று எழுதியிருந்தார். கூடவே அம்மா பாடிய பதிவு ஒன்று.

சாவுச் செய்தியை மறைக்காதீர்கள். "விலாசம் தேடிட்டிருக்கோம்" என்று இழுத்தடிக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தொண்ணூறை நெருங்கியவர்களுக்குச் சாவு புதிதல்ல, ஏமாற்றினால்தான் அவர்களுக்குக் கோபம் வரும். காலையில், சாப்பிட்ட பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து நேராகச் சொல்லுங்கள். அத்தை கொஞ்ச நேரம் கையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "எத்தன புள்ளைங்க அவளுக்கு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று. அதனால் முதல் பதில் வந்ததுமே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், என்ன வேலை பார்த்தார், கடைசிவரை நடமாட்டம் இருந்ததா என்பதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு பெரியவரிடம் போங்கள்.

இரண்டு பதிவையும் மூலக் கோப்பாகவே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலி சுருங்கிவிடலாம், மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே பாடியவர், ஊர், தேதி, எந்த வீட்டில் கற்றது என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பிற்பாடு யாருக்கும் புரியாது. தங்கை பாடியதில் பல்லவி திரும்பும் இடம் மேலே போகிறது, அத்தை பாடுவதில் மத்தியமத்துக்கு இறங்குகிறது. காதில் போனை வைத்து முழுசும் கேட்ட அத்தை, "சின்னவ அப்ப தொட்டில்ல கெடந்தா, அவளுக்கென்ன தெரியும்" என்று சொல்லி, சரியான மெட்டை இன்னொரு தடவை நிதானமாகப் பாடி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. லண்டனில் பெரியம்மாவும் மேலேதான் போவாராம். இன்னும் அது தீரவில்லை. ஈராக்கிலிருந்து போனவர்களின் பதிவு இரண்டு மூன்றைக் கேட்டுவிட்டேன், அதிலும் சிலர் ஏறுகிறார்கள், சிலர் இறங்குகிறார்கள். அத்தையிடம் இறங்குபவர்களை மட்டும் போட்டுக் காட்டினேன்.